ஒரு காது போதும்

"வினீ! குக்கர்ல எத்தன விசில் வந்துச்சு?"

அம்மா சுஜாதா கேட்டது மத்திகிரி பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். வினிதாவோ அம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் இரண்டு காதுகளையும் ஹெட்போன் மூடியிருந்தது. தான் கத்துவது அம்மாவுக்கே தெரியவில்லை. வினிதா உதட்டில் விரலை வைத்துக் கட்டிலைக் காட்டினாள். அங்கே அப்பா மாடசாமி முனகியபடி புரண்டு படுத்தார்.

அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். கம்பெனியில் இரவெல்லாம் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவர் பகலில் தூங்கியே ஆகவேண்டும். வீட்டிலோ ஒரே ஒரு அறையும் சமையல்கட்டும்தான். கோடை விடுமுறை என்பதால் வினிதாவும் தம்பி அஸ்வினும் பகல் முழுக்க வீட்டில்.

அதற்காகத்தான் அப்பா இரண்டு ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்கள் வாங்கிவந்திருந்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். டிவியிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ வரும் வயரை அதில் மாட்டினால் ஹெட்போனில் கணீரென்று கேட்கும். வெளியே ஒரு சத்தமும் வராது.

அம்மாவின் டப்பா சமையல்கட்டு வாசலில் இருந்தது. காய் நறுக்கிக்கொண்டே கேட்க அதுதான் வசதி. அஸ்வினின் டப்பா ஜன்னலோரம். ஒருவர் டிவியை விட்டு ரேடியோவுக்குப் போக நினைத்தால் வயரைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். அங்கேதான் வம்பு.

"அம்மா, மேட்ச் ஆரம்பிச்சிருச்சு!" என்று அஸ்வின் ஓடிப்போய், தன் வயரைச் செருக ரேடியோவிலிருந்து அம்மாவின் வயரைப் பிடுங்கினான்.

வயர் போனதும் ரேடியோவின் வாய் திறந்துகொண்டது. வீடே அதிர ஒரு விளம்பரம் அலறியது. எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஏலே, என்னல அது?"

அவர் திட்டவில்லை. சிவந்த கண்களைத் தேய்த்தபடி அம்மாவிடம் மெல்லச் சொன்னார். "சுஜா, நேத்து ராத்திரி மிஷின் முன்னாடியே கண்ணு சொக்கிருச்சு. கொஞ்சம் விட்டா கை போயிருக்கும். திங்கக்கிழமையில இருந்து பிரகாஷ் ரூம்ல படுத்துக்கிடுதேன். அப்படியே டூட்டிக்குப் போயிடலாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன்."

பிரகாஷ் அண்ணன் அப்பாவோடு வேலை செய்கிறவர். தனியாக இருப்பவர். அவர் அறையில் சத்தமே இருக்காது.

சாயங்காலம் அப்பா எழுந்ததும் வினிதாவும் அவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். கம்பெனிக் கதையெல்லாம் அப்போதுதான் வரும். இனி அப்பா வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் விருந்தாளியா?

'திங்கக்கிழமைக்குள்ள இதைச் சரிபண்றேன்' என்று முடிவுசெய்துகொண்டாள்.

துணி எடுக்க மாடிக்குப் போனபோது படிக்கட்டு விளக்கைக் கவனித்தாள். கீழே போட்ட விளக்கை மேலே அணைக்கலாம். அந்த சுவிட்சுக்குள் வழி இரண்டாகப் பிரிகிறது. விளக்குக்கு அப்படி வழி பிரியும் என்றால் பாட்டுக்குப் பிரியாதா?

கன்னடம் கலந்து பேசும் வீட்டுக்கார ருக்மணி ஆன்ட்டி, பெயின்ட் அடித்தபோது கழற்றிய பழைய சுவிட்சுகளை ஒரு டப்பாவில் போட்டுவைத்திருந்தார்.

"ஆன்ட்டி, படிக்கட்டு சுவிட்ச் ரெண்டு வேணும்."

"யாக்கம்மா? எதுக்கு? கரண்ட்ல கை வைக்கப் போறியா?"

"கரண்ட் பக்கமே போக மாட்டேன். பாட்டு போற வயர்ல மட்டும்தான்."

"சரி, தகோ. எடுத்துக்கோ."

சாயங்காலம் அப்பா சந்தைக்குப் போனதும் டிவி, ரேடியோ இரண்டின் பிளக்கையும் முதலில் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சுவிட்ச். நடு ஸ்க்ரூவில் டப்பாவின் வயர். ஒருபக்கம் டிவி, மறுபக்கம் ரேடியோ. இனி ரேடியோவிலிருந்து யாரும் எதையும் பிடுங்க வேண்டாம்.

மறுநாள் அப்பா தூங்கியதும் அஸ்வின் சுவிட்சைத் தட்டினான். டக். டிவி போய் ரேடியோ வந்தது. இரவெல்லாம் பிரஸ் மிஷின் பக்கத்தில் நிற்கிற அப்பாவுக்கு அந்த 'டக்' கொசு பறக்கிற சத்தம்கூட இல்லை.

ஆனால் அஸ்வின் முகத்தைச் சுளித்தான். "அக்கா, ஒரு காதுலதான் கேக்குது. பாதி வேலைதான் பண்ணியிருக்க!"

வினிதாவுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு காதுக்கும் தனி வயர். சுவிட்சில் இருப்பதோ ஒரு வயருக்கான வழி. இன்னும் இரண்டு சுவிட்ச் கேட்கலாம் என்று எழுந்தாள்.

"வினி, பருப்பு வெந்துருச்சான்னு பாரு."

யாரோ ரகசியம் சொன்னதுபோல் இருந்தது. திரும்பினாள். அம்மா! கேட்காத பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சீரியல் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறார்.

"அம்மா, இன்னொரு தடவ சொல்லும்மா."

"ஏண்டி, உனக்குக் காது கேக்கலையா?" அதையும் அம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

வினிதா சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "டேய், நீயும் அந்தப் பக்கத்தப் பின்னாடி தள்ளு."

"எதுக்கு?"

"தள்ளு, சொல்றேன்."

சற்று நேரத்தில், மேட்ச் கேட்டுக்கொண்டிருந்த அஸ்வின் துள்ளி எழுந்தான். "சிக்..." அவன் குரல் அவன் காதிலேயே விழுந்தது. மீதியை அப்படியே விழுங்கிவிட்டு, சத்தமில்லாமல் குதித்தான்.

அப்பா தானாகவே எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. "என்ன, டிவியும் ரேடியோவும் ரிப்பேரா?"

"ரெண்டும் ஓடுச்சுப்பா," என்று வினிதா சுவிட்சைக் காட்டினாள்.

அப்பா ஹெட்போனை மாட்டி, சுவிட்சை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கட்டி! அந்தக் காதுக்கும் ஒரு சுவிட்ச் போட்டுருவமா?"

"வேணாம்ப்பா. அது திறந்திருந்தாத்தான் யாரும் கத்த மாட்டாங்க. நீங்களும் தூங்கலாம்."

அப்பா ஹெட்போனைக் கழற்றினார். பிறகு அம்மாவிடம் சொன்னார். "ரூம் வேண்டாம்னு பிரகாஷ்கிட்ட சொல்லிடுதேன்."

வினிதா அவரிடமிருந்து ஹெட்போனை வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லையே! டக். ஒரு காதில் பெங்களூர் ரேடியோவின் பாட்டு. இன்னொரு காதில் அப்பா டீயை உறிஞ்சும் சத்தம்.