முந்தி வந்த எதிரொலி

கப்பிரி ம்போஷி ஊரின் எடைமேடையை விட்டுக் கசோண்டேயின் லாரி வெளியே வந்தபோது விடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பின்னால் முப்பது டன் செம்புத் தகடு. முன்னால் வடக்கு எல்லை வரைக்கும் ஒரே சாலை. இரண்டு பக்கமும் காடு, ராத்திரி பெய்த மழையில் ஊறிக் கிடந்தது. பதினோரு வருஷமாக ஓட்டுகிற சாலைதான். எந்த மேட்டில் வண்டி மூச்சு வாங்கும், எந்த வளைவில் போலீஸ்காரன் மரத்தடியில் நிற்பான் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டினான். ஒற்றைக் காதுக்கு மட்டும் மெத்தை, வாய்ப் பக்கம் வளைந்து வரும் குட்டி மைக். அந்தச் சாலையில் ஓடும் லாரிக்காரர்கள் பாதிப் பேர் தலையில் அதுதான் இருக்கும். மெத்தை காதில் பட்டதும் திடுக்கிட்டான். யாரோ அந்த நிமிஷம்தான் கழற்றி வைத்த மாதிரி அது சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இன்னும் வெயிலே வரவில்லை என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

"போன் இணைந்தது" என்றாள் காதுக்குள் இருந்த இயந்திரப் பெண்.

அந்த ஹெட்செட் அவனுடையது இல்லை, அவன் கூட்டாளி முபாங்காவுடையது. கசோண்டேயுடையது மழையில் நனைந்து பாழாய்ப்போனபோது, "புதுசு வாங்கற வரைக்கும் இதை வச்சுக்கடா, இல்லேன்னா உன் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுவா" என்று முபாங்கா கழற்றிக் கொடுத்தான். கொடுத்த நாலாம் நாள் எல்லையில் முபாங்காவுக்குக் காய்ச்சல் கண்டது. ரெண்டே நாளில் ஆள் போய்விட்டான். இதே சாலையில் ம்பிகாவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அவன் ஊரில், கொட்டுகிற மழையில் புதைத்தார்கள். அவனுடைய போனையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

பெட்டியை மூடும் முன்பு முபாங்காவின் தாய்மாமன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அவன் சாமான் யார்கிட்டயாவது இருந்தா இப்பவே குடுத்துடுங்க. அவன் பேரையும் ஆவியையும் யார் ஏத்துக்கிறதுன்னு முடிவு பண்ற சடங்கு முடியற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. தெரியாத்தனமா மாட்டிக்கிட்டீங்கன்னா, நீங்க அதை மாட்டிக்கல. அவன்தான் உங்களை மாட்டிக்கிறான்."

கசோண்டே தரையைப் பார்த்தபடி நின்றான். ஹெட்செட் அவன் சட்டைப் பைக்குள் இருந்தது.

திருட்டு எண்ணம் எதுவும் இல்லை, பாவம். அவன் மனைவி எஸ்னாத்துக்கு ஒன்பதாம் மாதம். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவது தடவை வலி கண்டு அவள் பதினாலு முறை கூப்பிட்டபோது, அவன் மலை இறக்கத்தில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். போன் சீட்டுக்கடியில் அடித்து அடித்து ஓய்ந்தது. இந்தத் தடவை ஒரு அழைப்பும் தவறக்கூடாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் வேலை போய்விடும். அதனால்தான் சாவு வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சடங்குக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

ம்குஷி தாண்டியதும் எஸ்னாத் கூப்பிட்டாள். அவள் தங்கை யூனிஸ் வந்துவிட்டாளாம், பையெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டதாம். இடுப்பு மட்டும் கடுக்கிறதாம்.

"நீங்க பேசறது ரெண்டு ரெண்டு தடவை கேக்குது" என்றாள்.

"எதிரொலிக்குதா? டவர் சரியில்லடி."

"இருக்கும்."

அவள் வைத்ததும் காதுக்குள் ஒரு சின்ன மணி ஒலித்தது.

"இரண்டாவது போன் இணைந்தது."

கசோண்டே பக்கத்து சீட்டைப் பார்த்தான். தலையைத் திருப்பிப் பின்னால் படுக்கையைப் பார்த்தான். கம்பளி மடித்தபடியே இருந்தது.

செரென்ஜேயில் வண்டியை ஓரங்கட்டினான். நிஷிமாக் களியும் கருவாட்டுக் குழம்பும் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காமல், எதிரே போன் ரிப்பேர் கடை போட்டிருந்த லெவியிடம் போனான். லெவிக்கு வாய் நீளம். ஹெட்செட்டைத் திருப்பிப் பார்த்து, இதில் ஒரே சமயத்தில் இரண்டு போன் சேரும் என்றான். ஆனால் இன்னொரு போன் பத்து அடிக்குள், மிஞ்சினால் முப்பது அடிக்குள் இருக்க வேண்டுமாம். அதுவும் முன்பே இதோடு சேர்த்து வைத்த போனாக இருக்க வேண்டுமாம்.

"வண்டிக்குள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா பாஸ்? வீட்டுல புள்ளத்தாச்சி, இங்க இன்னொருத்தியா?"

கசோண்டே சிரிக்கவில்லை. இருவரும் ஏறி மெத்தையைப் புரட்டினார்கள், சீட்டுக்கடியில் துழாவினார்கள். எதுவும் இல்லை. லெவி இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்து, சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னியதும் விட்டான். பழசெல்லாம் துடைத்தாகிவிட்டது, இனி இதற்கு எந்தப் போனையும் தெரியாது என்றான். கசோண்டேயின் போனை மட்டும் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தான். கொடுக்கும்போது மெத்தையை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"இதை எங்க போட்டு வச்சிருந்தீங்க? மண்ணு வாசனை அடிக்குது."

மண் வாசனைதான். குழி வெட்டிய ஈரச் செம்மண். லாரிக்குள் ஏறியபோது அது கேபின் முழுக்க இருந்தது.

கனோனா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். கண்ணாடித் துடைப்பானின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மணி ஒலித்தது.

"இரண்டாவது போன் இணைந்தது."

ஹெட்செட்டைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியக் கையைத் தூக்கிவிட்டான். அதே நொடி எஸ்னாத் கூப்பிட்டாள். எறிய முடியுமா? தூக்கிய கையை இறக்கி, அதை மறுபடி காதில் மாட்டிக்கொண்டான்.

வலி வந்துவிட்டது. யூனிஸ் அவளைப் பிரசவ வார்டில் சேர்த்துவிட்டாள். பேசிக்கொண்டே இருங்கள், வைத்துவிடாதீர்கள் என்று அழுதாள். நான் இருக்கிறேன், எங்கேயும் போகமாட்டேன், இந்தப் பிள்ளை நமக்குத்தான் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான்.

அவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"வண்டியில யாரு கூட?" என்று மெல்லக் கேட்டாள்.

"யாருமில்ல. ஏன்?"

"இப்பவும் ரெண்டு குரல் கேக்குது. முதல்ல ஒரு குரல் வருது. அது சொன்னதையே அப்புறமா நீங்க சொல்றீங்க."



எதிரொலி என்றால் பின்னால் வரும். முன்னால் எப்படி வரும்?

பேசாமல் இருந்து பார்ப்போம் என்று பல்லைக் கடித்தான். மூச்சை நன்றாக இழுத்து விடு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அடக்கிக்கொண்டான்.

"சரிங்க. இழுத்து விடறேன்" என்றாள் எஸ்னாத்.

கசோண்டேயின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. லாரி இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நின்றது. அதோடு அழைப்பும் அறுந்தது. போனைப் பார்த்தால் டவர் கம்பி ஒன்றுகூட இல்லை. அந்தக் காட்டில் எப்போதும் அப்படித்தான். இன்னும் இருபது கிலோமீட்டரில் முபாங்காவின் ஊருக்குத் திரும்பும் மண் பாதை. அவன் சாமானை அவனிடமே போட்டுவிட்டு வந்தால்தான் பெண்டாட்டியோடு தான் பேச முடியும், தான் மட்டும் பேச முடியும் என்று கசோண்டேக்குப் பட்டது.

மாமன் வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுத்திருக்கலாம். அன்றைக்கு ஏன் மறைத்தாய் என்று நாலு பேர் முன்னால் கேட்பாரே என்ற வெட்கம். லாரியைப் பாதை முனையில் விட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் மரங்களுக்குள் புகுந்து நேரே இடுகாட்டுக்கு நடந்தான். மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக் குழிமேடு மழையில் கரைந்து பாதியாகியிருந்தது. தலைமாட்டில் கவிழ்த்து வைத்த தட்டு சேற்றில் புதைந்திருந்தது.

பத்து அடி தூரத்தில் நின்றான். ஹெட்செட் கையில்தான் இருந்தது, காதில் இல்லை. இருந்தும் அந்தப் பெண்ணின் குரல் அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது.

"முதல் போன் தொடர்பு அறுந்தது."

முதல் போன் அவனுடையது. அவன் சட்டைப் பையில், ஒரு முழம்கூடத் தள்ளி இல்லாமல் இருந்தது.

அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. மண்டியிட்டு, விரலால் சேற்றைத் தோண்டி, ஹெட்செட்டின் சுவிட்சை அணைத்து உள்ளே வைத்து மூடினான். நகத்துக்குள்ளெல்லாம் செம்மண். "மன்னிச்சுக்கடா முபாங்கா. எம் புள்ளைக்காகத்தான் வச்சுக்கிட்டேன். இந்தா, எடுத்துக்க" என்றான். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. நல்ல சிநேகிதன் அவன். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

லாரியில் ஏறியதும் மூக்குதான் முதலில் கவனித்தது. மண் வாசனை போயிருந்தது. டீசல் நெடியும் தன் வியர்வை நெடியும் மட்டும் இருந்தன. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தான். ம்பிகாவின் மேட்டில் ஏறும்போது டவர் கிடைத்தது. கடைசியாக எஸ்னாத்தோடு பேசி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. வண்டியை ஒழுங்காக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, போனையே காதில் வைத்துக் கூப்பிட்டான்.

யூனிஸ்தான் எடுத்தாள். பையன், சுகமாக இருக்கிறான், அக்காவும் சுகம் என்றாள். கசோண்டே நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்து வாய்விட்டு அழுதான். பிறகு எஸ்னாத்திடம் போனைக் கொடுத்தார்கள்.

அவள் குரல் களைத்திருந்தாலும் அதில் அப்படியொரு சந்தோஷம். இவன் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் விடாம பேசிட்டே இருந்தீங்களே, அது போதும் எனக்கு. நீங்க முக்குன்னு சொன்னப்பதான் முக்கினேன். பேரும் நீங்க சொன்னதுதான். நம்ம குடும்பத்துல எல்லார் பேரையும் சொல்லிப் பாத்தாங்க, பையன் அழுகையை நிறுத்தல. முபாங்கான்னு சொன்னதும் கப்புன்னு நிறுத்திட்டான்."

கேபினுக்குள் அவனைத் தவிர யாரும் இல்லை. காதில் போனைத் தவிர எதுவும் இல்லை.

"எஸ்னாத், நான் பேசலடி. ஒரு மணி நேரமா எனக்கு டவரே இல்ல" என்றான்.

அந்தப் பக்கம் பிள்ளை ஒரு தடவை சிணுங்கி ஓய்ந்தது.

"என்னங்க," என்றாள், இவனிடம் இல்லை, வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி. குரல் தாழ்ந்து, பயந்து போயிருந்தது. "நீங்க பேசி முடிச்சதும், அதையே திரும்பச் சொல்றானே ஒருத்தன். யாருங்க அவன்?"