பதினெட்டாவது வீட்டு அரிசி

எங்கள் எஸ்டேட்டில் இன்றைக்கும் போகி அன்று காலையில் பிள்ளைகள் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி. எந்த வீட்டையும் தாண்டிப் போகக் கூடாது. அது சட்டம்.

யார் போட்ட சட்டம் என்று கேட்டால், "சங்கம் போட்டது" என்பார்கள். சுத்தப் பொய்! சங்கம் போட்ட சட்டத்தை நான் மீறியதால் வந்த சட்டம் அது. என் பெயர் பொன்னுமணி. அப்போது எனக்குப் பத்து வயது.

போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே ஏலக்காட்டு எஸ்டேட் ஒன்றில் நாங்கள் இருந்தோம். பதினெட்டு வீடுகள் ஒட்டி ஒட்டி, ஒரே வரிசையாக இருக்கும். அதை லயம் என்போம். எல்லாரும் போடி, தேவாரம் பக்கமிருந்து பிழைக்க மலையேறி வந்தவர்கள்.

முன்பெல்லாம் எங்களுக்குப் பொங்கல் என்றால் பங்களாப் பொங்கல்தான். விடிந்ததும் எல்லாரும் முதலாளியின் பங்களா முற்றத்தில் போய் நிற்க வேண்டும். தைப் பனியில் பல் தந்தியடிக்கும். முதலாளி எழுந்து, காபி குடித்து, மெதுவாக வருவார். பால் பொங்கியதும் முதல் அரிசியை அவர்தான் போடுவார். பிறகு ஒவ்வொருவராக அவர் காலில் விழ வேண்டும். விழுந்தால் ஒரு துண்டு, கூட இருக்கும் பிள்ளைக்கு ஒரு மிட்டாய். கங்காணிக்குப் பிடிக்காதவர்கள் மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். அவர்களுக்குத் துண்டும் கிடையாது, மாசி பிறந்தால் வேலையும் கிடையாது.

1980இல் கேரளாவில் செங்கொடிக்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். எங்கள் அப்பா சோணைதான் எஸ்டேட் சங்கத்துக்குச் செயலாளர். ஆட்சி வந்த அன்று அவர் ஒரு முழம் வளர்ந்த மாதிரி நடந்தார்.

"இனிமே எவன் கால்லயும் விழ வேண்டியதில்ல. பொங்கலுக்குச் சம்பளத்தோட லீவு வேணும். நம்ம முத்தத்துல நாமே பொங்கணும்" என்றார்.

முதலாளி முடியாது என்றார். கார்த்திகையில் சமரம் தொடங்கியது. வேலைநிறுத்தத்தை எங்கள் மலையில் அப்படித்தான் சொல்வோம்.

அந்த நேரம் ஸ்டோரில் பச்சை ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். அடுப்பு மூட்டாவிட்டால் காய் அழுகிவிடும். ஒரு வாரத்தில் முதலாளி இறங்கி வந்துவிடுவார் என்று எல்லாரும் நம்பினோம்.

ஆறாம் நாள் ஸ்டோரில் புகை வந்தது.

அடுப்பு மூட்டியவர் பதினெட்டாம் வீட்டு சுடலை மாமா. அவருடைய மகள் முத்துப்பேச்சிதான் என் கூட்டாளி. அவளுடைய தம்பிக்கு எட்டு மாசம். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுவிட முடியாமல் கிடந்தான். "காயை உலர்த்திக் கொடு, பிள்ளையைப் போடிக்குக் கொண்டுபோக ஜீப்பு தர்றேன்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். சுடலை மாமா மூன்று நாள் அடுப்பெரித்தார். நாலாம் நாள் ஜீப்பு வந்தது. பாதி வளைவு இறங்குவதற்குள் பிள்ளை இறந்துவிட்டான்.

காய் பிழைத்துவிட்டதால் முதலாளி அந்த ஒரு வாரத்துக்கு மேல் இன்னும் நாலு நாள் பிடிவாதமாக இருந்தார். அந்த நாலு நாளும் லயத்தில் அரிசி இல்லை. காட்டுக் கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றோம். எனக்கு வயிற்றுப்போக்கே வந்துவிட்டது. பதினோராம் நாள் முதலாளி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம்.

ஜெயித்த கையோடு சங்கம் ஒரு முடிவு எடுத்தது. சுடலை வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நெருப்பு கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது.

"பாவம்ப்பா, பிள்ளை செத்துப்போச்சுல்ல" என்றேன் நான்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? பிள்ளையைத் தூளி கட்டித் தூக்கிட்டு நாங்களே ஓடியிருக்க மாட்டோமா? முதலாளிகிட்ட போய் நின்னான்ல!" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்து போயிருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மார்கழி முடியும்போது பொங்கலுக்குக் கூட்டம் போட்டார்கள்.

"கொடிக்கம்பத்துக்குக் கீழ ஒரே பானை. வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி. அரிசி போட்ட வீட்டுக்கெல்லாம் சமபங்கு. சாமி படம் கெடையாது" என்றார் அப்பா.

"படம் வேண்டாம். சூரியன் வருமே, அதை என்ன செய்யப் போற?" என்று கேட்டாள் என் அம்மா குருவம்மாள். அம்மாதான் பானைக்குப் பொறுப்பு.

அப்பா தலையைச் சொறிந்தார். "சூரியன் வரலாம்" என்றார்.

பால் பொங்கும்போது 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்று கத்துவதா, 'பொங்கலோ பொங்கல்' என்று கத்துவதா என்று எங்கள் லயத்து ராக்கையா மாமா கேட்டார். அதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. சுடலை வீட்டைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

போகி அன்று அப்பா என் கையில் ஓலைப்பெட்டியைக் கொடுத்தார்.

"பதினேழு வீட்டுலதான் வாங்கணும். தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

வீடு வீடாகப் போனேன். ராக்கையா மாமாவுக்குக் கை பெரிது. கொடுக்கும்போது மட்டும் அது எப்படியோ சின்னதாகிவிடும். "மாமா, இது கைப்பிடியா, சிட்டிகையா?" என்று கேட்டு இன்னொரு தடவை போட வைத்தேன்.

பதினேழு வீடும் முடிந்தது. தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போக வேண்டுமானால் பதினெட்டாம் வீட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வாசலில் முத்துப்பேச்சியின் அம்மா செல்லத்தாய் அத்தை நின்றிருந்தார். வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் அரிசி தெரிந்தது. நான் வருவதைப் பார்த்து முன்பே அள்ளி வைத்திருந்தார் போல. கூப்பிடவில்லை. கேட்கவும் இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விட்டேன்.

முத்துப்பேச்சி பின்னாலேயே ஓடி வந்தாள். "எங்க வீட்டு அரிசி வேணாமா?"

"அப்பா வேணாம்னுட்டாரு."

"சரி. நாளைக்கு ஜீப்புல நாங்க போறோம்."

"எங்க?"

"தெரியல. எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் எங்களுக்கு முன்னாடி எங்கப்பா பேரு போயிருமாம். யாரும் வேலை தர மாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

குழாயடி வரைக்கும் போனேன். அங்கே நின்றுவிட்டேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. கொலை செய்தவன் வீட்டு வாசலில் போனால்கூட ஒரு வார்த்தை கேட்பார்கள். நான் கேட்கவில்லையே!

திரும்பி ஓடினேன். செல்லத்தாய் அத்தை இன்னும் அங்கேயே நின்றிருந்தார். பெட்டியை நீட்டினேன்.

"உங்கப்பா அடிப்பாரு, ஆத்தா" என்றார்.

"அடிக்கட்டும். வெரசா போடுங்க அத்தை."

அவர் கை திறந்தது. அரிசி விழுந்ததும் முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கலக்கினேன். எல்லாம் ஒரே ரேஷன் கடை அரிசி. அதே கல், அதே மக்கிய வாசனை.

மறுநாள் காலையில் கொடி ஏற்றினார்கள். மூட்டம் விலகி, அப்பா அனுமதி கொடுத்த சூரியனும் வந்தது. பால் பொங்கியது. ஆண்கள் ஜிந்தாபாத் போட, பெண்கள் அதே நேரம் குலவை போட, யார் என்ன கத்தினார்கள் என்றே தெரியவில்லை. அம்மா பெட்டியிலிருந்த அரிசி முழுவதையும் பானையில் கொட்டினாள்.

அதுவரை பொறுத்திருந்த நான் வாயைத் திறந்தேன்.

"பதினெட்டு வீட்டு அரிசியும் விழுந்துருச்சு."

"பதினேழு" என்றார் அப்பா.

"பதினெட்டுப்பா."

எல்லாரும் பானையை எட்டிப் பார்த்தார்கள்.

"பானையைக் கவுத்துங்க!" என்று ராக்கையா மாமா கத்தினார்.

அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு பானைக்கு முன்னால் வந்து நின்றாள். "கவுக்குறவன் முன்னால வா, பார்ப்போம்."

அப்பா என்னிடம் வந்தார்.

"எது அவன் வீட்டு அரிசி?"

"தெரியாதுப்பா. நான் கலக்கிட்டேன்."

"ஏன் செஞ்ச?"

"முதல்ல அவுக வாசலைத் தாண்டித்தான் போனேன். அதுக்கு மேல போக முடியலப்பா."

அழுகை வந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. கொடிக்கம்பத்து மேடையில் உட்கார்ந்து பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசி போட்ட வீட்டுக்குப் பங்கு. நாமதானே சொன்னோம்? பதினெட்டு இலை போடுங்க" என்றார் கடைசியில்.

"சோணை! நாலு நாள் என் பிள்ளைக கிழங்கைத் தின்னுச்சு. மறந்துட்டியா?" என்றார் ராக்கையா மாமா.

"என் பிள்ளையும்தான் தின்னுச்சு. அதுதான் இப்ப அரிசி வாங்கிட்டு வந்திருக்கு."

ராக்கையா மாமா இலை எடுக்கப் போனார்.

பொங்கல் வெந்து இறங்கும் நேரம், லயத்துக்குக் கீழே ஜீப்பு ஆரன் அடித்தது. பொங்கல் இலையைத் தூக்கிக்கொண்டு நான் ஓட, அப்பா பின்னால் வந்தார். சுடலை மாமா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மூட்டைகளுக்கு நடுவில் செல்லத்தாய் அத்தை. அவர் மடியில் பிள்ளைத் துணி ஒன்று மடித்தபடி இருந்தது.

அப்பா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உன் அரிசி பானையில வெந்திருக்கு. பங்கு வாங்காம ஒருத்தனும் போகக் கூடாது."

சுடலை மாமா நிமிரவில்லை. "நாலு நாள் உங்களைப் பட்டினி போட்டவன்ணே நான்."

"ஆமா. அது போகாது. உன் பிள்ளை போனதும் போகாது" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தூக்கிட்டுப் போக நாங்க இருந்தோம்டா, சுடலை" என்றார்.

சுடலை மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. செல்லத்தாய் அத்தை மட்டும் அழவில்லை. என் கையிலிருந்த இலையை வாங்கி, ஒரு வாய் எடுத்து முத்துப்பேச்சிக்கு ஊட்டினார். அடுத்த வாயைத் தன் புருஷன் பக்கம் நீட்டினார்.

அவர் வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை. அத்தை கையை இறக்கவும் இல்லை.

"ஏறுறீங்களா, இறங்குறீங்களா? எனக்கு வேற சோலி இருக்கு" என்றார் டிரைவர்.

முத்துப்பேச்சி வாயில் பொங்கலோடு முதலில் குதித்தாள். நானும் அவளும் ஆளுக்கொரு மூட்டையை இழுத்துக் கீழே போட்டோம்.

அன்றைக்கு அந்த ஜீப்பு வெறும் வண்டியாகத்தான் போடிக்கு இறங்கியது.