பெரியவளின் அறையில் ஏசி

ஏசி மெக்கானிக் வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் கதவைத் திறந்தார். ஓய்வுபெற்ற பிறகும், வீட்டுக்குள்கூடச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிற மனிதர். அவருடைய இரண்டு பெண்களில் சின்னவளைத் தங்கள் மகனுக்குக் கேட்டிருப்பவர்கள் மாலையில் வருகிறார்கள். வீட்டைப் பார்த்து, மனிதர்களைப் பார்த்து, இரவு தங்கிவிட்டுப் போவார்கள். விருந்தாளிகளைத் தங்கவைக்க அங்கே நல்ல அறை ஒன்றுதான். பெரியவளின் அறை. அவள் செத்த பிறகு பூட்டியே கிடந்ததை இன்று காலைதான் திறந்தார்.

"என்ன சார் கோளாறு?"

"இருபத்தி நாலுலதான் வச்சிருக்கேன். நிக்காம ஓடுது. உள்ள கால் வைக்க முடியல."

"ஊரே குளிரலன்னு கூப்பிடுது. நீங்க ஒருத்தர்தான் குளிருதுன்னு கூப்பிடுறீங்க!"

சிரித்துக்கொண்டே போனவன் சிரிப்பை வாசற்படியிலேயே விட்டுவிட்டான். உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. பழைய தைல வாசனை ஒன்று அறையை விட்டுப் போகாமல் நின்றது.

ஸ்டூலில் ஏறி வடிகட்டியைக் கழற்றித் தட்டினான். வெளியே போய்ப் பெரிய பெட்டியையும் பார்த்துவிட்டு வந்தான். எங்கும் பழுதில்லை. பிறகு, கட்டிலில் தலையணை ஓரமாகக் கிடந்த ரிமோட்டைப் பார்த்தான்.

"இங்கயா வச்சிருக்கீங்க? இந்த ஏசிக்கு சூடு பாக்குறதே ரிமோட்டுதான் சார். அது இருக்குற இடம் குளிர்ற வரைக்கும் மெஷின் ஓடும்."

ரிமோட்டின் சிறு திரையில், அது கிடக்கும் இடத்தின் சூடு நாற்பது.

மேசைமேல் வைத்தான். மளமளவென்று இறங்கிப் பதினேழில் நின்றது. மறுபடி தலையணை ஓரம் வைத்தான். ஏறியது.

மெத்தையைத் தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"சார்…" வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான். "ஜுரக்காரங்க யாராச்சும் இப்பதான் எழுந்து போனாங்களா?"

"அதை அணைச்சுட்டுக் கிளம்புப்பா."

கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

அன்றும் இதே கட்டில்தான். காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தாள் பெரியவள். கல்யாணம் ஆகாதவள், வயிற்றில் பிள்ளை. டாக்டர் கை வைத்தால் தெரிந்துவிடும். பிறகு குடும்ப மானம் சந்தி சிரிக்கும். தகப்பனார் கதவைச் சாத்தினார். ஏசியை முடிந்தமட்டும் குளிரவிட்டார், காய்ச்சல் இறங்கிவிடும் என்று.

"அப்பா, குளுருதுப்பா. அதை அணைச்சிடுங்கப்பா."

அணைக்கவில்லை. விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. அதற்குப் பிறகு அந்த உடம்பில் சூடே இல்லை.

தாயில்லாத வீடு. சின்னவள் அப்போது வெளியூர் விடுதியில் இருந்தாள். பெரியவள் கெஞ்சியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள். இன்னொருவர் கைக்குப் போகக்கூடாதென்று ரிமோட்டைக் கூடத்துக்கே கொண்டுவந்து, சோபாவில் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். இரவுக்கு மின்விசிறி போதும் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். பேச்சு நன்றாகவே போயிற்று. பிறகு மாப்பிள்ளையின் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பெரிய பொண்ணுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டோம். நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துச் சேத்தீங்களாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிலதாங்க வச்சிருந்தோம். எவ்வளவோ பாத்தாங்க." வாய் கூசாமல் சொன்னார்.

பக்கத்தில் இதமான சூடு பரவியது.

யாரோ ஒட்டி உட்கார்ந்தாற்போல.

ரிமோட்டைப் பார்த்தார். முப்பத்தாறு.

முப்பத்தெட்டு.

நாற்பது.

தேநீர்த் தட்டோடு வந்த சின்னவள் தட்டை வைத்துவிட்டு அந்த இடத்தில்தான் உட்காரப் போனாள். வேண்டாம் என்று கத்த வாயெடுத்தார். எதிரே விருந்தாளிகள். மரியாதை அவர் வாயைக் கட்டிப்போட்டது.

உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பல் கிட்டியது. மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, குளுருதுப்பா. அதை அணைச்சிடுங்கப்பா."

கூடத்தில் ஏசியே கிடையாது.