ஒட்டுப்பால் நாற்றம்

2024 நவம்பரில் திருவனந்தபுரத்தின் ஒரு மருத்துவமனையில், பேச்சிப்பாறைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரியான ஜாஸ்பினின் மண்டையோட்டு அடித்தளத்திலிருந்து நெல்லிக்காய் அளவுள்ள கட்டியை மூக்கு வழியாக எடுத்தார்கள். புற்று இல்லை. கட்டியோடு ஒட்டியிருந்த வாசனை நரம்புகளும் போயின.

அடுத்த ஜூன் மழையில், பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்த மகள் ஜாஸ்மி படியேறியதும் நின்றாள். முகம் சுருங்கியது. குழந்தையைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"எம்மா, இதென்ன நாத்தம்? ஏதாவது செத்துக் கெடக்கா?"

"ஒட்டுப்பாலாக்கும் மக்களே," என்றார் அவள் அப்பா இஸ்ரவேல். "மழைல்லா பெய்யுது, காயல்ல. எலிகூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

ரப்பர் மரத்தின் வெட்டிலும் பால் பிடிக்கும் சிரட்டையிலும் உறைந்து தங்குகிற கழிவுப் பாலைச் சுரண்டிச் சாக்கில் கட்டிப் பின்பக்கச் சாய்ப்பில் போட்டிருந்தார்கள். மழையில் அது அழுகினால் வீடு முழுக்கப் பிணவாடைதான். அந்த ஊரில் யாரும் வேறு காரணம் தேடமாட்டார்கள். ஜாஸ்பினும் தேடவில்லை. நாற்றம் என்பது அவளுக்கு இப்போது மற்றவர்களின் முகத்தில் பார்க்கிற விஷயம்.

அவளுடைய பயம் வேறு. ஒரு மதியம் ஈ மொய்க்கும் அந்தச் சாக்குகளின் பக்கத்தில் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, மூக்குக்குப் பின்னால், கண்களுக்கு நடுவே, எதுவோ இருக்கிறது. முதலில் குறுகுறுப்பு. பிறகு, ஊறிய அரிசியைக் கையால் பிசைவது போன்ற மெல்லிய நெருநெருப்பு, மழை ஓயும் இடைவெளிகளில் மட்டும் கேட்கும். தலையைச் சாய்த்தால் அதுவும் சாய்ந்த பக்கம் நகரும். கைக்குட்டையில் பழுப்பும் சிவப்புமாகச் சீழ், மீன் கழுவிய தண்ணீரின் வழவழப்போடு. முகத்தைச் சுற்றி ஈக்கள். விரட்டினால் எழுந்து, மறுபடி மூக்கருகிலேயே வந்து உட்காரும்.

மயிரிழையளவு மிச்சமிருந்தாலும் கட்டி திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு ஆப்பரேஷன் என்றால் கண் நரம்புக்கு உத்தரவாதம் இல்லை என்றும். பேரனின் முகத்தை அவள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. உப்புத் தண்ணீரால் தினமும் மூக்கைக் கழுவச் சொன்னதை, வாசம் தெரியாத மூக்குக்கு எதற்கென்று எப்போதோ விட்டிருந்தாள். பயத்தில் ஒருநாள் கழுவிப் பார்த்தாள். உள்ளே எதுவோ உதறிக்கொண்டு மேலே ஏறியது. அதோடு விட்டாள்.

ஜாஸ்மி குழந்தையை அவளிடம் தரவில்லை. "மொதல்ல அந்தச் சாக்கையெல்லாம் களைங்கப்பா. எனக்கு ஓங்கரிச்சிட்டு வருது."

"நீ வளந்ததே இந்த நாத்தத்துலதான். இப்பம் டவுண்காரி ஆயிட்டியா?" என்று சிரித்தபடியே இஸ்ரவேல் சாக்குகளை டெம்போவில் ஏற்றி அனுப்பினார். சாய்ப்பைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்.

மறுநாள் காலையும் நாற்றம் அப்படியே இருந்தது. ஜாஸ்பினுக்கு அது இஸ்ரவேலின் முகத்தில் தெரிந்தது. காப்பி வாங்கக் கையை நீட்டியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அலமாரியை நகர்த்தினார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ குளிச்சியா?"

"குளிச்சேன்."

அவர் தள்ளி நின்றார்.

ஜாஸ்மி குளிக்கப் போன நேரத்தில் குழந்தை அழுதது. இஸ்ரவேல் வெளியே சாக்கடையைக் கிளறிக்கொண்டிருந்தார். ஜாஸ்பின் குழந்தையை எடுத்து மடியில் கிடத்தினாள்.

அழுகை நின்றது. மழையும்.

நெருநெருவென்று சத்தம். பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

முத்தமிடக் குனிந்தாள். நெற்றிக்குள் இருந்தது மொத்தமும் முன்னால் சரிந்தது. மூக்கில் சூடு. மேலுதட்டில் ஏதோ வழுக்கியது.

குழந்தையின் கன்னத்தில் வெள்ளையாக ஒன்று விழுந்தது. கக்கிய பால் என்று நினைத்தாள். சோற்றுப் பருக்கை அளவு. துடைக்க விரலை நீட்டினாள்.

அது நெளிந்தது.

இன்னொன்று. இன்னொன்று.

கன்னத்தில் எது பட்டாலும் முலை என்று வாய் தேடும் வயது. குழந்தை உதடுகளைத் திறந்து அந்தப் பக்கம் திரும்பியது.

அன்று மாலை திருவனந்தபுரத்தில் எடுத்த ஸ்கேனில், கட்டி மீண்டும் வளர்ந்திருக்கவில்லை.