மடுல்சீமைப் பெரியாயியின் பல்லடைப்பு

2007 செப்டம்பரில் அந்தப் புகார்க் கடிதம் பதுளைக்கு வந்த நாள் முதல் சிவராசா ஓரிடத்தில் இருந்ததில்லை. இருபத்தெட்டு வருடம் இதே நிலையத்தில் பல் வைத்தியராக நிமிர்ந்து நடந்து ஓய்வுபெற்றவர், இப்போது மகள் ஆர்த்திகாவின் சிகிச்சை அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஆர்த்திகா மூன்று மாதத்துக்கு முன் கடைவாய்ப் பல்லில் வைத்த வெள்ளை அடைப்பு விழுந்து, தன் தாயின் முகம் வீங்கிவிட்டதென்று தோட்டத் தொழிலாளி பெரியாயியின் மகன் எழுதியிருந்தான். விசாரணை அதிகாரி பகல் இரண்டு மணிக்கு வருகிறார். குற்றம் உறுதியானால் ஆர்த்திகாவின் பெயர் கெட்டுவிடும். அவள் பெயர் என்பது குடும்பத்தின் பெயர். அதனால்தான் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் லத்தீப்பை அவரே அழைத்திருந்தார்.

"அப்பவே சொன்னனான், பின் பல்லுக்கு வெள்ளை தாங்காது எண்டு. நான் வெள்ளி அடைப்பைத் தவிர வேறொண்டும் வைச்சதில்லை."

"அப்பா, கொஞ்சம் இருங்கோ," என்றாள் ஆர்த்திகா. "நீங்கள் நடக்கிறதைப் பாத்து அவ பயப்பிடுறா."

நாற்காலியில் இருந்த பெரியாயிக்கு வீக்கத்தால் வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. உள்ளே பார்க்க வழியில்லை. விழுந்த துண்டை மட்டும் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

லத்தீப் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வெகுநேரம் புரட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து வெற்றிலைச் சுருளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போடுறீங்களா, அம்மா?"

"வேணாங்க. வாயில புண்ணு வந்துச்சு. போன தீபாவளியோட விட்டுட்டேன்."

"பத்து மாசமா தொடவே இல்லையா?"

"மாரியாத்தா மேல சத்தியமா."

லத்தீப் துண்டைச் சிவராசாவிடம் கொடுத்தார். "மேல்பக்கம் தேஞ்சு வழவழன்னு கிடக்கு. அடிப்பக்கம் வரைக்கும் வெத்திலைக் கறை. பத்து மாசமா வெத்திலை தொடாத வாயில, மூணு மாசத்து அடைப்புக்கு இந்தக் கறை எப்படி டொக்டர் வரும்?"

பெரியாயியிடம் திரும்பினார். "நாக்கால தடவிப் பாருங்க. குழி எந்தப் பல்லுல?"

"கடைசிப் பல்லுங்க."

"அதுக்கு முந்தின பல்லு?"

"அது நிறைஞ்சுதான் இருக்கு."

ஆர்த்திகா சிகிச்சை அட்டையை எடுத்து வாசித்தாள். இடது பக்கம், கீழ், கடைசிக்கு முந்தின பல். அவள் செய்த வேலை அசையவில்லை. பக்கத்துப் பல்லில் விழுந்ததை மகன் புதிய அடைப்பு என்று நினைத்துவிட்டான்.

சிவராசாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப இந்தக் குப்பையை வைச்சவன் ஆர்?"

பெரியாயி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதாங்க, ஐயா. பதினோரு வருசமாச்சு. அன்னிக்கு வெள்ளி தீந்துபோச்சு. மடுல்சீமை பஸ் போயிரும்னு வெள்ளைய வச்சு அனுப்புனீங்க. அடுத்த மாசம் வா, மாத்துறேன்னீங்க. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்காட்டி அன்னிக்கு வேலை இல்லைங்க. எப்படி வர்றது?"

சிவராசா உட்கார்ந்தார்.

"பதினொரு வருசம் தாங்கியிருக்கு, அப்பா," என்றாள் ஆர்த்திகா மெல்ல. "வெத்திலையோட."

வெளியே ஜீப் வந்து நின்றது. சிவராசா பேனாவை எடுத்து விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கினார்: 'விழுந்த அடைப்பு, இந்நிலையத்தில் முன்னர் பணியாற்றிய ஒருவரால்...'

லத்தீப் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "அந்த ஒருவருக்குப் பேர் இல்லையா, டொக்டர்?"

சிவராசா தாளைக் கிழித்தார். புதிய தாளின் முதல் வரியிலேயே தம் பெயரை முழுதாக எழுதி, மை காயுமுன் அதைக் கையில் பிடித்தபடி, அதிகாரிக்குக் கதவைத் திறக்கத் தாமே எழுந்து போனார்.