தனிச்சட்டிக் குழம்பு

தசரதன் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கோட்டைக்குப்பத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து சேர்வதற்குள் அவர் மனைவி ஜெயம்மா மருமகளை நோக்கிக் கையை நீட்டிவிட்டாள்.

“இவதான்! எம் புருசனுக்கு விசம் வச்சுட்டா பாவி!”

அது 1984-ம் வருஷத்துத் தை மாதம். சப்-இன்ஸ்பெக்டர் வேதாசலம் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது குப்பமே அந்த வீட்டு வாசலில் நின்றது. தசரதனைக் கட்டிலோடு தூக்கிப் பழவேற்காட்டில் டாக்டர் அப்துல் ஹையிடம் சேர்த்திருந்தார்கள். டாக்டர் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்: உயிர் இருக்கிறது, ஆனால் நாடி குதிரையாய் ஓடுகிறது, உள்ளே போனது என்னவென்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது, சீக்கிரம் கண்டுபிடியுங்கள்.

வேதாசலத்துக்கு வயிற்றுப்புண். அதனால் கோபம் அதிகம். கோபம் வந்தால் வயிறு எரியும், வயிறு எரிந்தால் மறுபடி கோபம் வரும். இந்தச் சுற்றை நிறுத்துவதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் மாத்திரை வைத்திருப்பார். அன்றும் காலைப் பலகாரம் பாதியில் நின்றதால் எரிச்சலோடுதான் வந்திருந்தார்.

“எல்லாரும் நவுருங்க. அம்மா, நீ மட்டும் வா. இன்னா நடந்துச்சு?”

ஜெயம்மா மூக்கைச் சிந்தினாள். “எங்களுக்கெல்லாம் ஒரு சட்டி. அவருக்கு மட்டும் தனிச்சட்டி. அதுல வச்ச கொழம்பத்தான் ஊத்திச் சாப்புட்டாரு. ரெண்டு வாய் வச்சாரு, அப்படியே சாஞ்சுட்டாரு சாமி.”

“தனிச்சட்டி எதுக்கு?”

“வயித்துல புண்ணுனு போன வாரம் மெட்ராஸ்ல டாக்டர் சொன்னாரு. காரம் ஆவாதுன்னாரு. அத்த சாக்கா வச்சுக்கினு இவ தனியா பொங்கினா. நேத்து சாயங்காலம்கூடத் தனிக்குடித்தனம் போணும்னு என்னாண்ட சண்ட. சாயங்காலம் சண்ட, காலைல விசம். போதுமா சாமி? இன்னும் வேணும்னா கொல்லைல போய்ப் பாருங்க, பேத்தை மீனு கெடக்குது.”

பேத்தை என்றதும் வாசலில் நின்றவர்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தொட்டால் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன் அது. அதன் ஈரலையும் சினையையும் தின்றவன் பிழைப்பது அரிது என்பது ஏரிக்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

வேதாசலம் கொல்லைக்குப் போனார். வேலி ஓரம் பேத்தை கிடந்தது. குச்சியால் புரட்டிப் பார்த்தார். உப்பியது உப்பியபடியே வெயிலில் காய்ந்து முறுக்கேறியிருந்தது. வயிற்றில் கத்தி பட்ட தடமே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உதைத்து விளையாடிய மண் அதன் மேல் அப்பியிருந்தது.

அடுப்படியில் காந்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை. அவள் கணவன் ஆதிகேசவன் காசிமேட்டில் லாஞ்சு என்னும் விசைப்படகில் வேலைக்குப் போயிருந்தான். அவளுக்காகப் பேச அந்த வீட்டில் ஆள் இல்லை.

“நேத்து சண்ட போட்டியா?”

“போட்டேன் சார். தனியா போறேன்னுதான் கேட்டேன். அதுக்காக மாமாவ நான் கொல்லுவேனா?”

“கொழம்பு இன்னா?”

“மடவை மீனு. மொளகா இல்லாம, மல்லி மட்டும் போட்டு வச்சேன். அவரு மெட்ராஸ் போயிட்டு வந்ததுலேந்து தெனம் அப்படித்தான்.”

“மிச்சம் எங்க?”

காந்தா மூலையைக் காட்டினாள். தனிச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. களேபரத்தில் யாரும் கவனிக்காத நேரத்தில் பூனை வழித்து நக்கியிருந்தது. அந்தப் பூனை இப்போது கூரைமேல் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. வேதாசலம் அதைச் சற்று நேரம் பார்த்தார். பூனையும் அவரைப் பார்த்தது. போலீஸ்காரர் என்ற மரியாதை அதற்கு இல்லை.

அப்போதுதான் தசரதனின் தம்பி பச்சைமுத்து டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் தொழில் செய்பவர்கள். முகத்துவாரத்தை ஒட்டி வலை போட அவர்களுக்கு முறை வந்திருந்ததால், சில நாட்களாக ஒரு நாளும் விடாமல் ஏரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

“பேத்தையா இருக்குமா?” என்று கேட்டார் வேதாசலம்.

“இல்ல சார். பேத்தை தின்னவனுக்கு மொதல்ல ஒதடு மரத்துப்பூடும். நாக்கு பொரளாது. அப்புறம் கையி காலு துணியாட்டம் தொவண்டுடும். எங்க அண்ணன் வழி முழுக்க என்னைத் திட்டிக்கினே வந்தாரு. ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா கேட்டுச்சு. நடுவுல திரும்பவும் கையி காலு இழுத்துச்சு.”

“இதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது?”

“ரெண்டு மூணு நாளாவே சரியில்ல சார். கையி நடுங்கிக்கினே இருந்துச்சு, வலைய வீசினா கோணலா வுழும். தூக்கம் இல்லன்னாரு. நெஞ்சு படபடனு அடிக்குதுன்னாரு. நேத்து மத்தியானம் படகுல வாந்தி எடுத்தாரு.”

சண்டை நடந்தது நேற்று மாலை. நடுக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வேதாசலத்துக்கு நிம்மதி வரப்பார்த்தது. ஆனால் ஜெயம்மா விடவில்லை.

“பாத்தீங்களா! மெட்ராஸ் போயிட்டு வந்ததுலேந்து தனிச்சட்டி. அன்னிலேந்தே கொஞ்சம் கொஞ்சமா கலந்துக்கினு இருந்திருக்கா!”

வாசலில் ஆமாம் ஆமாம் என்றார்கள். சாயங்காலம் பஞ்சாயத்து கூடட்டும், இவளைக் குழந்தையோடு தாய்வீட்டுக்கு அனுப்புவோம், அப்புறம் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்றது ஒரு குரல். காந்தா குழந்தையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டாள். வேதாசலத்துக்கு வயிறு எரிந்தது. இந்த முறை புண்ணால் மட்டும் இல்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். ஜெயம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இதே மாத்திரதான் சாமி அவருக்கும் குடுத்தாங்க. வயித்துல அமிலம் கொறையணும்னு.”

வேதாசலத்தின் கை வாயருகே நின்றது.

“கொண்டா பாப்போம்.”

அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். அதே அட்டை, அதே சிமெட்டிடின். சொன்ன வேளைக்குச் சொன்ன அளவு குறைந்திருந்தது. தனிச்சட்டி அடுப்பேறிய அதே நாளில் இந்த வீட்டுக்குள் இதுவும் வந்திருக்கிறது. அதை யாரும் விஷமாக எண்ணவில்லை, டாக்டர் கொடுத்தது அல்லவா. ஆனால் வேதாசலம் ஒரு வருஷமாக அதைத்தான் சாப்பிடுகிறார். அவர் கை நடுங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. மாத்திரை மட்டுமே குற்றவாளி என்றால் முதலில் விழுந்திருக்க வேண்டியது அவர்.

அப்படியானால் இது வேறு எதோடோ சேர்ந்திருக்கிறது. இந்த மாத்திரையை எழுதித் தருமுன் அவருடைய டாக்டர் கேட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று அப்போது நினைத்திருந்தார்.

“அம்மா, மெட்ராஸ் டாக்டர் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரானு கேட்டாரா?”

“கேட்டாரு. ஒண்ணும் இல்லீங்கனு நாந்தான் சொன்னேன்.”

“உன் புருசன் இன்னா சொன்னாரு?”

“அவரு எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியாம அவரு எத்தத் தின்னப்போறாரு?”

ஜெயம்மா இதைப் பெருமையாகவே சொன்னாள். வேதாசலம் அவளைப் பார்க்கவில்லை, பச்சைமுத்துவைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்து கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“பச்சைமுத்து, வா. உங்க படகப் பாத்துட்டு வரலாம்.”

கரையில் இழுத்து விட்டிருந்த படகின் பின்பலகைக்கு அடியில், தண்ணீர் புகாதபடி சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டிய ஒரு பவுடர் டப்பா இருந்தது. திறந்தால் வெள்ளை மாத்திரைகள்.

“சொல்லுடா.”

“இழுப்பு மாத்திர சார், மூச்சு இழுப்புக்கு.” பச்சைமுத்துவின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணனுக்கு ரொம்ப வருசமா இழுப்பு. படகு ஏறும்போது ஒண்ணு, கரை ஏறும்போது ஒண்ணு போடுவாரு. எப்பவோ ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தது. எறா விக்க சுண்ணாம்புக்குளம் பக்கம் போவும்போது அங்க ஒரு கடைல அதையே வாங்கிக்குவோம்.”

“வீட்ல ஏன் சொல்லல?”

“அண்ணியோட கூடப்பொறந்தவரு தண்ணிலயே மூச்சு இழுத்து செத்தாரு சார். இந்த வீட்ல இன்னொருத்தனுக்கு இழுப்புனா அவன் காலு படகுல படக்கூடாதுன்னு அண்ணி அன்னிக்கே சொல்லிடுச்சு. எங்க வீட்டுப் பழக்கம் ஒண்ணு இருக்குது, படகுச் சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது, தொழில் கெட்டுப்பூடும்னு. அது தோதாப் போச்சு. அண்ணி படகத் தொடாது. டப்பாவும் வீட்டுக்கு வராது.”

வேதாசலம் டப்பாவையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். பின்னால் பச்சைமுத்து தொற்றிக்கொண்டான்.

டாக்டர் வீட்டில் தசரதனுக்கு வாந்தி புரையேறி நெஞ்சில் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் அப்துல் ஹை ஊசியில் மருந்தை ஏற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

“டாக்டர், என்ன ஊசி அது?”

“மூச்சுத் திணறுது. இழுப்புக்குப் போடுறது.”

“கொஞ்சம் நில்லுங்க. முதல்ல இதைப் பாருங்க.”

டாக்டர் டப்பாவிலிருந்த மாத்திரையை எடுத்துப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார்.

“யா அல்லா! இது தியோஃபிலின். நான் போட இருந்ததும் அதே இனம். போட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும், எஸ்.ஐ. சார்.”

வேதாசலம் பக்கத்திலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அதன் பிறகு டாக்டர் பாட்டுக்கு வேலை பார்த்தார். வலிப்புக்கு வேறு மருந்து, நரம்பு வழியாகக் குளுக்கோஸ், மூக்கில் ஆக்ஸிஜன். பொழுது சாயும் நேரத்தில் நாடி இறங்கியது. தசரதன் கண்ணைத் திறந்து, “படகக் கட்டினியாடா?” என்று தம்பியைக் கேட்டார். பச்சைமுத்து சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

விளக்கு வைத்த பிறகு பஞ்சாயத்து கூடியது. வேதாசலம் நடுவில் நின்றார்.

“தசரதன் பிழைச்சுட்டார். விஷம் யாரும் வைக்கல. வேலிகிட்ட கிடந்த பேத்தை கத்தி படாத மீனு, பசங்க உதைச்ச பந்து. தனிச்சட்டிய நக்கின பூனை கூரைமேல சுகமா இருக்குது. தனிச்சட்டில இருந்தது கரிசனம்தான். குற்றவாளி இந்த ரெண்டு பேரும்.”

ஒரு கையில் அட்டையையும் மறு கையில் டப்பாவையும் தூக்கிக் காட்டினார்.

“இது வயித்துக்கு, வீட்ல இருந்தது. இது இழுப்புக்கு, படகுல இருந்தது. தனித்தனியா ரெண்டும் நல்ல மருந்து. சேர்ந்தா பகை. இழுப்பு மாத்திரைய உடம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளிடும். வயித்து மாத்திரை உள்ள வந்து அந்த வழிய அடைச்சிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். முகத்துவாரம் மண்மூடிக்கிட்டா ஏரி என்ன ஆகும்?”

“மழைத்தண்ணி வெளிய போவ வழி இல்லாம ஏறி ஏறி குப்பத்துக்குள்ள வந்துடும்,” என்றான் பச்சைமுத்து.

“அதேதான். என்னைக்கும் போடுற அதே மாத்திரைதான், ஆனா உள்ளயே தேங்கிப்போச்சு. மெட்ராஸ் டாக்டர் சரியாத்தான் கேட்டிருக்கார், வேற என்ன சாப்பிடுறீங்கன்னு. தெரிஞ்சவர் வாயைத் திறக்கல. தெரியாதவங்க பதில் சொல்லிட்டாங்க.”

யாரும் ஜெயம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் அவளுக்கு அதிகமாய்ச் சுட்டது. வேதாசலத்துக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் அவர் தாமாகவே டாக்டர் அப்துல் ஹையிடம் போய்ச் சட்டைப்பையை மேஜையில் கவிழ்த்தார். வயிற்று மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரை, மனைவி கொடுத்தனுப்பிய லேகியம், தலைவலி மாத்திரை. டாக்டர் தலைவலி மாத்திரையை மட்டும் தனியே ஒதுக்கினார்.

“இதுதான் உங்க புண்ணை ஆறவிடாம கிளறிக்கிட்டே இருக்குது. ஒரு வருஷமா வயித்து மாத்திரை சாப்பிடுறீங்களே, இன்னும் வேணுமானு யாரையாவது கேட்டீங்களா?”

“குற்றவாளியப் பையிலேயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கேன்,” என்று வேதாசலம் சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு வயிறு எரியாமல் சிரித்தார்.

தசரதன் வீடு திரும்பிய அன்று, வாக்குமூலம் வாங்க வந்தவர்போல் வேதாசலமும் போயிருந்தார். தசரதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றுக்கு டாக்டர் வேறு மாத்திரை எழுதியிருந்தார், இழுப்புக்கு அளவு குறைத்திருந்தார். பச்சைமுத்து பவுடர் டப்பாவோடு வாசற்படிக்கு வெளியிலேயே தயங்கி நின்றான். படகுச் சாமான் அல்லவா.

ஜெயம்மா எழுந்து போய் அவன் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அலமாரியில் வயிற்று மாத்திரைக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“அப்ப நான் படகு ஏறலாமா?” என்றார் தசரதன் மெல்ல.

“டாக்டர் ஏறலாம்னா ஏறு. எனக்குத் தெரியாம மூச்சு வாங்கினா மட்டும் வெட்டிப்புடுவேன்.”

பிறகு அடுப்படிப் பக்கம் போனாள். காந்தா திரும்பாமல் தனிச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜெயம்மா அழும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

“நான் சொன்னது தப்பு காந்தா. பெரிய தப்பு. உம் புருசன் வரட்டும், தனியா போவணும்னா போ, நான் தடுக்கல. ஆனா அடுத்த வாட்டி டாக்டராண்ட போவும்போது நீ கூட வா. அவரு கேக்குறதுக்கு நீ இவரக் கேட்டுப் பதில் சொல்லு. நான் வாய மூடிக்கினு உக்காந்துக்கறேன்.”

காந்தா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தனிச்சட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, வாசலில் நின்ற வேதாசலத்திடம் நீட்டினாள்.

“உங்களுக்கும் வயித்துப்புண்ணாமே சார். காரம் இல்ல. சாப்புடுங்க.”

அவர் மறுக்காமல் வாங்கி, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார்.