ஒரே கார்டு, இரண்டு கோபம்

"உன்னாலதான் போச்சு!" என்று கத்தினான் அண்ணன்.

"என்னால இல்ல, உன்னாலதான்!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள் மிளகு.

போனது, வீட்டுக் கணினியின் கிராபிக்ஸ் கார்டு. திரையில் படங்களை வரைந்து காட்டும் அந்தத் தட்டிலிருந்து காலையில் கருகிய நாற்றம் வந்தது. அதோடு சரி, திரை முழுக்கக் கோடு கோடாகிவிட்டது. அண்ணன் விடாமல் கார் பந்தயம் ஓட்டியதுதான் காரணம் என்றாள் மிளகு. அவள் கேம் செய்கிறேன் என்று எதையெதையோ ஏற்றியதுதான் காரணம் என்றான் அண்ணன்.

மிளகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆறாம் வகுப்பு படிக்கும் அவளுக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்று அதற்கு நல்ல காரணமும் இருந்தது. கட்டை அறுத்துக்கொண்ட ஓர் ஆடு சந்தைக்குள் புகுந்து எல்லாரையும் முட்டுவது போல ஒரு கேமை அவளே சொந்தமாகச் செய்துகொண்டிருந்தாள். விளையாடுபவர் அந்த ஆட்டிடம் முட்டு வாங்காமல் தப்பி ஓட வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக் கணினி மன்றத்தில் அதைக் காட்ட வேண்டும்.

வேலைக்குக் கிளம்பிய அத்தை வாசலில் நின்றார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க கத்துறதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது போச்சு. வீட்டுலயும் அதே கத்தலா? சாயங்காலம் கடைக்குப் போவோம். ஒரே ஒரு கார்டுதான் வாங்கித் தருவேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து."

மாலையில் பேருந்தில் அண்ணன் ஒரு பக்கம் பார்த்தான், மிளகு மறுபக்கம் பார்த்தாள். நடுவில் அத்தை உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

கடையில் கண்ணாடி அலமாரி நிறைய கார்டுகள். மூன்று விசிறிகளும் வானவில் விளக்குகளும் கொண்ட ஒன்றின் முன்னால் அண்ணன் வாயைப் பிளந்து நின்றான்.

"சூப்பர் செலக்‌ஷன் தம்பி! பந்தயம் எல்லாம் பறக்கும்" என்றார் கடைக்காரர்.

"அதுல மெமரி எவ்வளவு?" என்று கேட்டாள் மிளகு.

கடைக்காரர் அண்ணனிடம் திரும்பினார். "எட்டு ஜிபி, தம்பி."

"கேட்டது நான். பக்கத்துல இருக்கிறதுல எவ்வளவு?"

"அதுல பதினாறு, தம்பி. ஆனா லைட் கிடையாது. வேகமும் கொஞ்சம் கம்மி."

மிளகின் காது சூடானது. "நான் கேம் செய்றேன். எனக்கு மெமரிதான் முக்கியம்."

கடைக்காரர் சிரித்தார். "பாப்பா கேம் செய்யுதா? பாப்பாவுக்குப் பிடிச்ச மாதிரி ரோஸ் கலர்ல மவுஸ் வந்திருக்கு, காட்டட்டுமா?"

அதைக் கேட்டு அண்ணனும் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசைமேல் டக்கென்று வைத்தாள். ஓரத்தில் இரண்டு கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் வானவில் கார்டு, மற்றதில் விளக்கில்லாத கார்டு.

"என் கேமை ரெண்டுலயும் ஓட்டிக் காட்டுங்க."

"அதெல்லாம் இங்க பழக்கம் இல்ல பாப்பா."

அத்தை தன் கருவிப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்த ஸ்பேனர்கள் கலகலவென்றன. "ஓட்டிப் பார்க்காம நான் எதையும் வாங்குறதில்ல" என்றார்.

கடைக்காரர் ஓட்டிக் காட்டினார்.

வானவில் கார்டில் ஆடு துள்ளிக்கொண்டு சந்தைக்குள் போனது. முட்டைக்கோசுக் கடை வந்ததும் நான்கு காலையும் விரித்தபடி அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. விளக்கில்லாத கார்டில் நிற்கவில்லை. ஆனால் அதே கடைக்கு முன்னால் விக்கல் எடுத்தது போல விட்டுவிட்டு நகர்ந்தது.

"பார்த்தீங்களா? இதுவும் பத்தாது. மேல் தட்டுல இருக்கே, அதை வாங்குங்க. எல்லாம் ஓடும்" என்றார் கடைக்காரர்.

மேல் தட்டுக் கார்டு செங்கல் மாதிரி இருந்தது. அதன் விலைச் சீட்டைப் பார்த்த அத்தையின் முகம் சுருங்கியது.

'ஆமாம், அதுதான் வேண்டும்' என்று சொல்ல மிளகு வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் கடைக்காரரின் சிரிப்புக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் ஆடு ஏன் முட்டைக்கோசுக் கடையில் மட்டும் மாட்டுகிறது?

சட்டென்று புரிந்தது. அங்கிருந்த ஒவ்வொரு முட்டைக்கோசுக்கும் அவள் தனித்தனியாகப் படம் போட்டிருந்தாள். ஒவ்வொன்றும் சுவர் அளவுக்குப் பெரிய படம்; கார்டின் மெமரியை எல்லாம் அவையே அடைத்துக்கொண்டன. இப்போது அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

"அது வேண்டாம்" என்றாள். "தப்பு என் முட்டைக்கோசுலதான் இருக்கு. ஒரே சின்னப் படத்தை எல்லாத்துக்கும் போட்டாப் போதும்."

"அப்போ எட்டு ஜிபியே போதுமே!" என்று துள்ளினான் அண்ணன்.

"விளையாடப் போதும்டா. செய்யும்போது பத்தாது! கேம் செய்ற சாஃப்ட்வேர், படம், ஆடு எல்லாம் ஒரே நேரத்துல திறந்திருக்கும்!"

"கதை விடாத!"

"நீதான் லைட்டைப் பார்த்து மயங்கிட்ட!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை விரலை உயர்த்தினார். "இன்னொரு தடவை சத்தம் வந்துச்சுன்னா, வெறுங்கையோட வீட்டுக்குப் போவோம்."

மிளகு பல்லைக் கடித்தாள். அண்ணனின் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுடைய கேமைத்தான் இரண்டிலும் ஓட்டினார்கள். அவனுடையதை யாரும் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

"அவன் பந்தயத்தையும் ரெண்டுலயும் ஓட்டணும்" என்றாள் கடுகடுவென்று, அவன் முகத்தைப் பார்க்காமலே. "அதுதான் நியாயம்."

அண்ணன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு, அதே பந்தயம் இருந்த கடைக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தான். வானவில் கார்டில் கார் சீறிப் பாய்ந்தது. விளக்கில்லாத கார்டிலும் அதே பாதையில், அதே மழையில் ஓட்டினான். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"என்னடா வித்தியாசம்?" என்றார் அத்தை.

அண்ணன் வானவில் கார்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பொய் சொல்வது அவனுக்குச் சுலபம்தான். யாருக்கும் தெரிந்திருக்காது.

"மழைத்துளி பளபளப்பு கொஞ்சம் கம்மி" என்றான் கடைசியில். "அவ்வளவுதான். இதையே வாங்கலாம்."

"ஆனா தம்பி, அந்த லைட்டு…"

"லைட்டு பெட்டிக்குள்ளதானே எரியும்? நான் பெட்டியைப் பார்த்துக்கிட்டா கார் ஓட்டுறேன்?" அண்ணனின் குரல் திடீரென்று உயர்ந்தது. "அப்புறம், என்கிட்டயே ஏன் சொல்றீங்க? முதல்ல இருந்து கேட்கிறது என் தங்கச்சி. ரோஸ் கலர் மவுஸ் எல்லாம் அவளுக்கு வேண்டாம். அவகிட்ட சொல்லுங்க!"

இந்தச் சத்தத்துக்கு அத்தை விரலை உயர்த்தவில்லை.

கடைக்காரர் மிளகின் பக்கம் திரும்பினார்.

"எங்க பெட்டியில இருக்கிற பவர் சப்ளை ஐந்நூறு வாட். இந்தக் கார்டைத் தாங்குமா?" என்று கேட்டாள் மிளகு.

கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்தார். "தாங்கும்… மேடம்."

வீட்டில் அத்தை திருப்புளி பிடிக்க, அண்ணன் விளக்கு காட்ட, மிளகு கார்டைப் பொருத்தினாள். முட்டைக்கோசுப் படங்களைச் சின்னதாக்கினாள். முதல் ஆட்டத்துக்கு அண்ணனையே உட்கார வைத்தாள்.

ஆடு ஒரு விக்கல்கூட இல்லாமல் சந்தைக்குள் பாய்ந்தது. பத்தே நொடியில் திரையில் ஓடிய அண்ணனின் ஆளை முட்டித் தக்காளிக் கூடைக்குள் தள்ளியது.

"இது அநியாயம்! பின்னாடி வந்து முட்டுது!"

"ஆடு எங்க இருந்து வேணும்னாலும் முட்டும்."

"மாத்து!"

"மாட்டேன்!"

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆடினான். மறுபடியும் கூடைக்குள் விழுந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. அன்று அவள் பார்த்த கோபங்களிலேயே மிளகுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.